பாக்கி

இம்புயா மரம்.
பந்தைக் கவ்விய நகக்கால்கள் நான்கு.
எட்டுப் பேர் உட்காரும் மேசை,
அடிப்பிடித்த வெல்லப்பாகின் கறுப்பு.
உம்லாங்கா கடற்கரை அடுக்ககத்துக்கு அது
கரையொதுங்கிய கட்டையின் நிறத்தில் வேண்டுமாம்.
ருகேஷ்னி பதையாச்சி கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தாள்:
எலும்பு போல ஒரு மேசை,
மேலே மூன்று எலுமிச்சை.

ஜேக்கப்ஸில் எங்கள் பட்டறை.
காற்று திரும்பினால் எண்ணெய் ஆலையின் வாடை.
அதனால் வினிகர் எங்களுக்கு வாசனைத் திரவியம்.

பழைய வார்னிஷை உரிக்க இரண்டு நாள்.
எண்பதாம் நம்பர் தாள், பிறகு நூற்றிருபது.
தலைப்பக்கம் மட்டும் ஏதோ கீறல்கள் இருந்தன,
அவையும் போயின.
உள்ளங்கையை ஓட்டினேன். எங்கும் தட்டவில்லை.

ஏ குப்பி, காஸ்டிக்.
இரும்புக் கிண்ணம் ஆகாது. பன்றிமயிர்த் தூரிகையைக் கரைத்துத் தின்றுவிடும்.
வெளுக்கப் பூசுகிறோம், மரமோ முதலில்
இன்னும் கறுக்கும்.
புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்
இங்கேதான் துணியைத் தேடி ஓடுவார்கள்.
பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும்.
அதுதான் கஷ்டம்.

பி குப்பி, பெராக்சைடு.
சீறியது. உலை பொங்குகிற சத்தம்,
பசி எடுக்காத உலை.
"என் அத்தையின் களிம்பு டப்பாவிலும் இதேதான்" என்றான் பெக்கானி,
"இரவில் பூசு, காலையில் பார்."
நான் சிரிக்கவில்லை.
கையுறையைக் கழற்றும்போது சிரித்துவிட்டேன்.

காலையில் வெளுத்துக் கிடந்தது.
வினிகர் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு
உள்ளங்கையை ஓட்டினேன்.
தட்டியது.

தலைப்பக்கம், நான் தேய்த்துச் சமமாக்கிய அதே இடம்.
எப்போதோ ஒரு பென்சில் அழுத்தி நசுக்கிய நார்கள்
சுற்றியிருந்த மரம் தேய்ந்து போனபின்
தண்ணீர் குடித்து எழுந்து நிற்கின்றன.
வெள்ளைமேல் வெள்ளை.
விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்,
பிறகு அணைத்துவிட்டு விரலால் படித்தேன்.

4.25
4.25
4.25
2.00
4.25

ஒன்றின்கீழ் ஒன்றாகப் பதினேழு.
அந்த இரண்டு ரேண்டுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு சொல்.
சனிக்கிழமைப் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவள் நான்.
பா.
அப்புறம் க்; அதன் தலைப்புள்ளி
கடுகு போலத் தனியாகப் புடைத்திருந்தது.
கி.

இந்த மேசைக்குக் கட்டிய தவணையை
இந்த மேசையிலேயே தாள் வைத்து எழுதியிருக்கிறார்கள்.
அப்படித்தான் நினைக்கிறேன். வானொலிப் பெட்டிக்காகவும் இருக்கலாம்.
பதினேழோடு ஏன் நின்றது?
மீதியை வேறெங்காவது குறித்தார்களோ,
கடைக்காரன் வண்டி வந்ததோ.

ருகேஷ்னியைக் கூப்பிட்டேன்.
ஏலத்தில் எடுத்தது, யாருடையதென்று தெரியாது என்றாள்.
வாடகைக்கு விடுகிற வீடு,
வருகிறவர்கள் கையில் எதுவும் தட்டக்கூடாது.
அவள் சொல்வதும் நியாயம்.

இருநூற்றிருபது.
நாலேகால்கள் வரிசையாகப் போயின.
நனைத்துப் பார்த்தேன்; பாக்கி மறுபடி லேசாகத் தலைதூக்கியது.
மறுபடி தேய்த்தேன். மறுபடி நனைத்தேன்.
புள்ளி கடைசியில் போனது.

கடைசிப் பூச்சை நாளைக்கு அடிக்க வேண்டும்.
ரசீது எழுத இடமில்லை,
மற்ற பலகைகளெல்லாம் ஈரம்.
வெள்ளை மேசையின் தலைப்பக்கம் புத்தகத்தை விரித்தேன்.
பதினோரு மணிநேரம், குப்பி இரண்டு, தாள், வினிகர்.
முன்பணம் போக வரவேண்டியது.
"அடியில் அட்டை வை" என்றான் பெக்கானி.

மூன்று படியிலும் விழ வேண்டும்.
அழுத்தி எழுதினேன்.